மூடுவதற்கு முன் ஒருவர் பார்க்க வேண்டும்

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல்: வேண்டாம். அதைச் சொல்லவில்லை. "மூடலாம்ங்க அண்ணா" என்றேன். தணிகைவேல் அண்ணன் தலையாட்டிவிட்டு, ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இரண்டு பாதிகளிலும் பசை தடவி, ஒன்றோடொன்று பொருத்தி, ரப்பர் பேண்டு போட்டு ஜன்னலோரம் காயவைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், இரண்டாம் உலகப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. அதற்குள் விமானி உட்காரும் இடத்துக்கு அவர் பூசியிருந்த பச்சை தவறானது. அது எனக்குத் தெரிந்திருந்தது.

அது ஆடிப் பௌர்ணமி. அவர் இறந்த செய்தி மாசி தொடக்கத்தில் வந்தது. கல்லூரி நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்களோடு மாதிரி செய்யும் ரியாஸ் பாயிடமிருந்து போன் வந்தது. அவர் பகலில் அழைக்க மாட்டார். அவர் மருந்துக்கடையில் அந்த நேரம் கூட்டமாக இருக்கும். "தணிகை போயிட்டாரும்மா. காலையில பல்லு வெளக்கினு இருந்தாராம், நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்துட்டாராம்" என்றார். நான் "சரி பாய்" என்றேன். பிறகு மிச்சமிருந்த பதினோரு புத்தகங்களுக்கும் எண் ஒட்டி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாதிரி விமானங்களும் டாங்கிகளும் செய்யும் நம் குழுவின் மலர் இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது நான் தட்டிக் கழிக்கப் பார்த்தேன். உங்களில் பலர் சென்னைக் கண்காட்சியில் அவர் மேசையருகே நின்றிருக்கிறீர்கள். சின்ன டார்ச் லைட்டையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, "உள்ள பாருங்க, வெளியில அப்புறம் பாக்கலாம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கும். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிவிடலாம். ஆனால் ஆடிப் பௌர்ணமியை விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றியதாக இருக்காது.

அவர் பல் லேப்பில் வேலை பார்த்தவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்து செராமிக்கில் பல் செய்வார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையத்தில் படியிலிருந்து வழுக்கி விழுந்ததில் என் முன்பல் பாதி உடைந்துபோனது. மருத்துவர், "நெறம் பாக்கணும், நேரா லேப்புக்கே போயிட்டு வந்துடும்மா. பதினோரு மணிக்குப் போ, வெயில் நல்லா இருக்கும்போது" என்று அனுப்பினார். லேப் பெரிய தெருவிலிருந்து பிரியும் சந்தில் முதல் மாடியில் இருந்தது. என்னை வடக்கு ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து, என் மஞ்சள் துப்பட்டா தெரியாதபடி கழுத்துவரை சாம்பல் நிறத் துணியைப் போர்த்தினார். டியூப் லைட்டை அணைத்தார். சிறிய பல் வடிவங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சட்டத்தை என் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஐந்து விநாடி பார்ப்பார், பிறகு சாம்பல் துணியைப் பார்ப்பார். மறுபடி ஐந்து விநாடி. "ரொம்ப நேரம் பாத்தா கண்ணு பொய் சொல்லும்மா. டியூப் லைட்டு எப்பவுமே பொய்தான்" என்றார்.

வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு எதிர்ச் சுவரில் இன்னொரு சட்டம் தெரிந்தது. அதில் தொங்கிய பற்கள் பச்சை, கரும்பச்சை, சாம்பல், நீலப்பச்சை நிறங்களில் இருந்தன. வாயை மூட விட்டதும் அது யாருடைய பல் என்று கேட்டேன்.

"பிளேனோட பல்லும்மா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் பின்னாலும் பொடி எழுத்தில் போர்க்காலச் சண்டை விமானங்களின் பெயர்கள். அவற்றின் விமானி அறைக்கு என்ன நிறம் என்பதற்கான மாதிரிகள் அவை.

அதுவரை நான் விமான மாதிரி செய்வது என் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். பெயிண்ட் வாடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மா புலம்புவாள், அதோடு சரி. ஊரில் இன்னொருவர் இருப்பார் என்று நினைத்ததே இல்லை. அப்படியொரு மனிதரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் செய்தது, ஒரு தப்பைக் கண்டுபிடித்ததுதான். ஜப்பானிய ஜீரோ விமானத்துக்கு அவர் வைத்திருந்த மாதிரி, பளபளக்கும் நீலப்பச்சை. அது உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க இறக்கைக்குள்ளும் வால்பக்கத்திலும் பூசியது, விமானி உட்காரும் இடத்தில் மங்கிய பச்சைதான், அதுவும் தயாரித்த தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறு என்று படித்ததைச் சொன்னேன்.

"பிளேன் கிட்டு பெட்டியோட வந்த பேப்பர்ல இதானே போட்டிருக்கான்?"

"பேப்பர் தப்புங்க. பழைய கிட்டு எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருப்பாங்க."

அவர் அந்த நீலப்பச்சைப் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஆறு ஜீரோ மூடி வச்சிருக்கேன்மா. ஆறும் இந்தக் கலருதான்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. ஒரு வாரம் கழித்து புதுப் பல்லைச் சரிபார்க்க வரச் சொன்னபோது, அதில் இரண்டைப் பிளந்து மறுபடி பூசிவிட்டதாகச் சொன்னார்.

விமான மாதிரி செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. பிளாஸ்டிக் விமானத்தின் உடல் இரண்டு பாதிகளாக வரும். முதலில் உள்ளே பூசி, இருக்கையையும் கருவிகளையும் பொருத்திவிட்டு, அப்புறம்தான் பாதிகளை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு உள்ளே கை போகாது. கண்ணாடி மூடியும் வைத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு அங்கே ஏதோ இருட்டாக இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் அந்த இரண்டு ஜீரோக்களைப் பிளந்த பிறகு தணிகைவேல் அண்ணன் எங்களுக்கு ஒரு வழக்கத்தை வைத்தார். யார் செய்தாலும், மூடுவதற்கு முன் இன்னொருவர் பகல் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். அவர் 'மூடலாம்' என்று சொன்னால்தான் பசை. "நீ அன்னிக்கு சொல்லாம இருந்திருந்தா ஏழாவதையும் அப்படியே மூடியிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார்.

எங்களில் மூன்று பேர்: அவர், ரியாஸ் பாய், நான். பௌர்ணமியன்று லேப்புக்கு விடுமுறை. அடி அண்ணாமலையில் அவர் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்ததால் அன்று வண்டியை வெளியே எடுக்கவும் முடியாது. "எப்படியும் வூட்டுலதான் அடைஞ்சி கெடக்கப் போறேன், நீங்க வாங்க" என்பார். நான் வேங்கிக்காலிலிருந்து காலையிலேயே கிளம்பி, பாதி தூரம் ஆட்டோவிலும் மீதி தூரம் நடந்துமாகப் போவேன். வெளியே செருப்பில்லாத கால்கள் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பட்டாணி அளவு இருக்கைக்கு என்ன பழுப்பு என்று பேசிக்கொண்டிருப்போம்.

ரியாஸ் பாய் போர் டாங்கி மட்டும்தான் செய்வார். "டாங்கிக்குள்ள எல்லாம் வெள்ளை. ஒரே டப்பா, ஒரே பிரஷ்ஷு. உங்கள மாதிரி பச்சைக்கு பஞ்சாயத்து இல்ல" என்பார். ஒருமுறை, "உள்ள யாருங்க எட்டிப் பாக்கப் போறா? எறும்பா?" என்று கேட்டார். அதற்கு அண்ணன் சொன்ன பதில்தான் நான் அவரிடமிருந்து கேட்டதிலேயே அதிகம் யோசித்தது. "வெளிய அடிச்ச கலர எதிரிதான் பாத்தான் பாய். அதுக்குள்ள உக்காந்து போனவன் கடைசியா பாத்தது இந்தப் பச்சையத்தான்."

விமானிகள் எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறையப் படித்திருக்கிறேன். குளிர், பெட்ரோல் வாடை, கை நடுக்கம் எல்லாம் வரும். உள்ளே என்ன நிறம் என்று அநேகமாக யாருமே எழுதியதில்லை. இதை அண்ணனிடம் சொன்னபோது, "நம்ம வூட்டு செவுரு என்ன கலருன்னு யாரும்மா எழுதி வைக்கிறாங்க?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி கஸ்தூரி அக்கா, "எழுதி வைக்கிறது இருக்கட்டும், செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சி நாலு வருசம் ஆகுது" என்று குரல் கொடுத்தார். அடுத்த பௌர்ணமிக்குள் அண்ணன் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்.

அவர் என்னிடம் சலுகை காட்டியதில்லை. ஒரு ஜெர்மன் விமானத்துக்கு இரண்டு வாரம் உழைத்து, வெளிர் சாம்பல் பச்சை பூசி எடுத்துப் போனேன். ஜன்னலருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா. இது போரோட கடைசி வருசத்து பிளேனு. அதுக்குள்ள கருஞ்சாம்பலுக்கு மாத்திட்டாங்க" என்றார். 'நன்றாகத்தான் செய்திருக்கிறாய், ஆனால்' என்ற முன்னுரை எதுவும் கிடையாது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அன்று அங்கே சாப்பிடாமலேயே திரும்பினேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொன்னது சரி. சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். ஒரு சொல்லில் இரண்டு வார வேலை போவது எங்களுக்குள் சாதாரணம். அவர் வைத்த வழக்கமே அதற்காகத்தான்.

ஆடிப் பௌர்ணமிக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய சில மாதங்களாகவே அவர் மூக்குக் கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தார். டியூப் லைட்டைப் பொய் என்று சொன்னவர், பகலிலும் மேசை விளக்கைப் போட ஆரம்பித்திருந்தார். சர்க்கரை இருந்தது அவருக்கு. கண்ணில் ஏதோ மங்கலாக இருப்பதாகவும் அதனால்தான் என்றும் அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அந்த வாரம் ஒரு மருத்துவர் அவர் செய்த பல்லைத் திருப்பி அனுப்பியிருந்தார். இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் நிறம் சேரவில்லை என்று அவரிடம் ஒரு பல்லும் திரும்பி வந்ததில்லை. போளூர் பக்கத்துக் கல்யாணப் பெண், முன்பல். இதை ரியாஸ் பாய் வாசலிலேயே என்னிடம் சொல்லி, அதைப் பற்றிக் கேட்காதே என்றார்.

உள்ளே போனதும் அண்ணன் ஸ்பிட்ஃபயரின் பாதிகளை என்னிடம் நீட்டினார். வேலை அவ்வளவு சுத்தம். இருக்கையின் செம்பழுப்பு, கருவிப் பலகையின் கறுப்பு, கிராம்பு மொட்டைவிடச் சின்னதான முட்களின் வெள்ளை, எல்லாம் இருந்தன. ஆனால் சுற்றிலும் இருந்த பச்சை பச்சையாக இல்லை. அது சாம்பல் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். இது ஆஸ்பத்திரிச் சுவர்போல நீலம் ஓடிக் கிடந்தது. ஒரு துளி அதிகம் என்ற அளவில் இல்லை. யார் பார்த்தாலும் தெரியும் அளவுக்கு.

"மாதிரிப் பல்லோட வச்சிப் பாத்தீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது எதுக்கு, இந்தப் பச்சை கை பழகிடுச்சும்மா. கண்ண மூடிக்கினே கலப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் ஒண்ணும் சரியில்ல. இதுவாச்சும் சரியா வந்துச்சே" என்றார்.

லேப்பிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தப் பச்சைப் பற்களின் சட்டம் என் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கியது. எடுத்துப் பக்கத்தில் பிடித்திருந்தால் போதும். பேசக்கூட வேண்டாம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மனிதருக்கு ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு போதும் என்று தோன்றியது. உள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது. எறும்பா என்று கேட்ட ரியாஸ் பாயிடம் அவர் சொன்ன பதிலை அறிந்தும் அப்படித் தோன்றியது. மூடலாம் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் இன்னும் இரண்டு பற்கள் திரும்பி வந்தன. லேப் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் மருத்துவர்கள் வேறு லேப்பைத் தேடினால் அவர் என்ன செய்வார்? ஐப்பசியில் அண்ணனை நிறம் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து, பிளாஸ்டர் மாவு குழைத்து அச்சு வார்க்கும் வேலைக்கு மாற்றினார். நேற்று சேர்ந்தவர்கள் செய்யும் வேலை அது. அவர் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. விரல் நகங்களில் வெள்ளை மாவு படிந்திருந்ததைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். கார்த்திகை தீபக் கூட்டம் முடிந்த பிறகுதான் கஸ்தூரி அக்கா அவரைப் பிடிவாதமாகக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மஞ்சள் படிந்திருக்கிறது. நீலம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, இவ்வளவு நாள் எப்படி நிறம் பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டாராம். தை மாதம் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

நான்கு நாள் கழித்து என்னை அழைத்தார். குரலில் ஒரு பரபரப்பு இருந்தது. அந்த ஆண்டில் நான் அதை முதல்முறையாகக் கேட்டேன்.

"இடது கண்ணால பாத்தா அந்த ஸ்பிட்ஃபயருல நான் பூசின பச்சை சரியா இருக்கு. வலது கண்ணால பாத்தா ஆஸ்பத்திரி செவுரு" என்று சிரித்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கஸ்தூரி அக்காவின் ஒரு சேலை பச்சை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம், அது நீலமாம். பிறகு சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுதுங்கண்ணா."

"ஜீரோவுக்கு மொத நாளே சொன்ன பொண்ணு நீ" என்றார். அதற்கப்புறம், "அன்னிக்கு சொல்லியிருந்தா அப்பவே கண்ணக் காட்டியிருப்பேன். மாவு கொழைக்க உக்கார வச்சிருக்க மாட்டாங்க" என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்போலச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சரி வுடு. மாசிப் பௌர்ணமிக்கு வா. அத அறுத்து வச்சிருக்கேன். சேந்து பூசலாம்" என்று வைத்துவிட்டார். மாசிப் பௌர்ணமிக்கு முன்பே போய்விட்டார். இடது கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் கலைந்ததும் கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். எனக்கு அன்றே தெரியும், சொல்லவில்லை என்று. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்தார். "தெரிஞ்சா சொல்லணும்மா. ஒன்ன நம்பித்தானே காட்டினாரு" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பிறகு எழுந்து போய் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார்.

ஸ்பிட்ஃபயர் ஒட்டிய கோட்டிலேயே நேர்த்தியாக அறுக்கப்பட்டிருந்தது. இடது பாதிக்குச் சரியான பச்சை பூசி முடித்திருந்தார். வலது பாதியில் பழைய நிறத்தைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்காக விட்டிருந்தார். அந்தப் பாதிதான் எனக்காக வைத்தது என்று நினைக்கிறேன். நேரம் கிடைக்காமல் விட்டதாகவும் இருக்கலாம்.

பச்சைப் பற்களின் சட்டத்தை நான் கேட்கவில்லை. அது அக்காவின் வீட்டில் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. அங்கே இருப்பதுதான் முறை. அவர் செய்து முடித்ததில் என்னிடம் இருப்பது என் முன்பல். நான்கு வருடமாகிறது. பல் மருத்துவர்களே எது என்னுடையது, எது அவருடையது என்று உற்றுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதினோரு மணி வெயிலும் சாம்பல் துணியும் ஞாபகம் வரும். கண் நன்றாக இருந்த காலத்தில் ஐந்து விநாடிகளில் அவர் எவ்வளவு பார்த்தார் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதோடு இன்னொன்றும் வருகிறது. அந்த வாயால்தான் 'மூடலாம்' என்றேன்.

வலது பாதிக்கு நான் பூசினேன். பங்குனிப் பௌர்ணமியன்று கொண்டுபோய், ரியாஸ் பாயிடம் காட்டாமல், கஸ்தூரி அக்காவிடம் காட்டினேன். அவருக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குப் போய், இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது வேற, அது வேற. இது கொஞ்சம் ஜாஸ்தி வெளுப்பு" என்றார். சுரண்டினேன். சித்திரைப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் முழுத் தூரமும் நடந்து கொண்டுபோனேன். "கிட்ட வந்துட்ட. இன்னும் இல்ல" என்றார். மறுபடி சுரண்டினேன். வைகாசிப் பௌர்ணமியன்று காலை பதினோரு மணிக்கு அக்கா மேசை விளக்கை அணைத்துவிட்டு, சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்து, ஸ்பிட்ஃபயர் என்று எழுதியிருந்த பல்லை ஒவ்வொரு பாதியின் மீதும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. மூடிடும்மா" என்றார்.

மூடினேன்.